நாத்திகரா, அக்னாஸ்டிக்கா? அன்றாட வாழ்க்கையில் அடிக்கடி எழும் கேள்விகள்

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நாத்திகம் நம்பிக்கையைப் பற்றியது. அறியொணாவாதம் அறிவைப் பற்றியது. "கடவுள் உண்டு என்று நம்புகிறீர்களா?" என்று கேட்டால் "நம்பவில்லை" என்பவர் நாத்திகர். "உண்டா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியுமா? யாருக்காவது தெரிய வழி உண்டா?" என்று கேட்டால் "தெரியாது" என்பவர் அறியொணாவாதி, பேச்சுவழக்கில் அக்னாஸ்டிக். கேள்விகள் இரண்டு. அதை மறந்துவிட்டு, ஆத்திகர் ஒரு முனையிலும் நாத்திகர் மறுமுனையிலும் அக்னாஸ்டிக் நட்டநடுவிலும் நிற்பதாக ஒரே கோட்டில் மூவரையும் நிறுத்துவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

அப்படியானால் ஒருவரே இரண்டுமாக இருக்கலாமா?

தாராளமாக. "தெரியாது, அதனால் நம்பவில்லை" என்பவர் அறியொணா நாத்திகர். கடவுளை வணங்காதவர்களிடம் பொறுமையாகப் பேசிப் பார்த்தால் பலர் இந்த இடத்தில்தான் வந்து நிற்பார்கள். "தெரியாது, ஆனாலும் நம்புகிறேன்" என்பவர்களும் உண்டு; வழிபாட்டுக்குத் தவறாமல் போகிறவர்களிலேயே இவர்களைப் பார்க்கலாம். "இல்லை, அது எனக்கு உறுதியாகவே தெரியும்" என்பது கடுமையான நாத்திகம்.

ஒரு எச்சரிக்கை. தத்துவத் துறையில் இந்தச் சொற்களை வேறு மாதிரியும் பயன்படுத்துகிறார்கள். அங்கே "கடவுள் இல்லை" என்று கூறுபவர் மட்டுமே நாத்திகர். எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல் நிறுத்திவைப்பவர் அக்னாஸ்டிக். நம்பிக்கை இல்லாமல் இருப்பதே நாத்திகத்துக்குப் போதும் என்ற பரந்த பொருளை 1970களில் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஆன்டனி ஃப்ளூ வலியுறுத்தினார். இரண்டு வழக்குகளும் இன்று புழக்கத்தில் இருக்கின்றன. ஆகவே விவாதம் சூடு பிடிப்பதற்கு முன் எதிரில் இருப்பவர் எந்தப் பொருளில் பேசுகிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இதைச் செய்யாமல் ஒரு மணி நேரம் மோதிவிட்டு, கடைசியில் இருவரும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது தெரியவருவது வாடிக்கை.

நான் எந்தப் பக்கம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: எந்தக் கடவுள்? வேண்டுதலைக் கேட்டுக் காரியத்தை நடத்திக்கொடுக்கும் கடவுளா, உலகைத் தொடங்கிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட முதற்காரணமா, இயற்கை முழுவதற்கும் வைத்த இன்னொரு பெயரா? முதலாவதைப் பொறுத்தவரை நாத்திகராகவும் இரண்டாவதைப் பொறுத்தவரை அக்னாஸ்டிக்காகவும் ஒரே ஆள் இருக்கலாம். அதில் முரண்பாடு ஏதுமில்லை. இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்தால் மற்ற இரண்டுக்கும் வரும் பதில்கள் பயன்படாது.

இரண்டாவது: யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு முடிவெடுக்கும்போது, கடவுள் இருக்கிறார் என்ற எண்ணம் உங்கள் கணக்கில் வருகிறதா? வேலை மாறுவது, கடன் வாங்குவது, அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிப்பது போன்ற முடிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறது என்றால், வாயால் என்ன சொன்னாலும், உங்களிடம் நம்பிக்கை இருக்கிறது. வருவதே இல்லையென்றால் பரந்த பொருளில் நீங்கள் நாத்திகர்தான்.

மூன்றாவது: எது நடந்தால் உங்கள் கருத்து மாறும்? "இன்ன சான்று கிடைத்தால் மாறும், இன்னும் கிடைக்கவில்லை" என்றால் நீங்கள் மென்மையான அக்னாஸ்டிக். "எந்தச் சான்றாலும் இதைத் தீர்க்க முடியாது, மனித அறிவுக்கு எட்டாத விஷயம்" என்றால் கறாரான அக்னாஸ்டிக். "இருக்கும் சான்றுகளே போதும், இல்லை என்று தீர்ந்துவிட்டது" என்றால் உறுதியான நாத்திகர்.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இரண்டாவது கேள்வியில். "அம்மாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாளே" என்பது அந்தக் கேள்விக்கான பதில் அல்ல. யாரிடம் எதைச் சொல்வது என்பது வேறு பிரச்சினை. அதைக் கீழே பார்க்கலாம்.

அக்னாஸ்டிக் என்றால் வாய்ப்பு ஐம்பதுக்கு ஐம்பது என்று நினைப்பவரா?

இல்லை. தெரியாது என்பதிலிருந்து சரிபாதி என்பது தானாக வந்துவிடாது. பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒரு பீங்கான் தேநீர்க்கெண்டி சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, எந்தத் தொலைநோக்கியாலும் பார்க்க முடியாத அளவுக்குச் சிறியது என்று ஒருவர் சொன்னால் அதைப் பொய்யென்று நிரூபிக்க முடியாது. அதற்காகப் பாதி நம்ப வேண்டியதும் இல்லை என்று 1952இல் எழுதினார் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸல். அவரே 1947இல் தன் நிலையைச் சொன்னபோது, தத்துவ அறிஞர்கள் அவையில் பேசினால் தன்னை அக்னாஸ்டிக் என்பேன், சாதாரண மனிதரிடம் பேசினால் நாத்திகர் என்பேன் என்றார். பழைய கிரேக்கத் தெய்வங்கள் இல்லை என்பதைக் கறாராக நிரூபிக்க முடியாது, ஆனாலும் அவை இல்லை என்றுதானே எல்லாரும் வாழ்கிறோம் என்பது அவர் காட்டிய காரணம்.

பிரிட்டிஷ் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 2006இல் ஏழு புள்ளி கொண்ட ஒரு அளவுகோலை முன்வைத்தார். உண்டு என்ற முழு உறுதி 1, இல்லை என்ற முழு உறுதி 7, சரிசமம் 4. ஊரறிந்த நாத்திகரான அவரே அதில் தன்னை 6இல்தான் வைத்துக்கொண்டார். அக்னாஸ்டிக் என்று சொல்லிக்கொள்பவர்கள் 3லிருந்து 6வரை எங்கும் இருக்கலாம். எண்ணை மட்டும் வைத்து ஆளை எடைபோட முடியாது.

"தெரியாது" என்பது நழுவல் இல்லையா?

சில நேரம் நழுவல்தான். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கைப் போல, ஆத்திகர் வீட்டில் ஒரு மாதிரியும் நாத்திக நண்பர்களிடம் ஒரு மாதிரியும் பேசுவதற்கு இந்தப் பெயரைப் போர்த்திக்கொள்பவர்கள் உண்டு. இந்தக் குற்றச்சாட்டு புதிதல்ல. மறுமை உண்டா என்று கேட்டால் உண்டு என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் விட்ட சஞ்சயர் என்ற துறவியைப் பற்றிப் பழைய பௌத்தப் பாலி நூல்கள் பேசுகின்றன. அப்படிப் பிடிகொடுக்காமல் பேசுவதையே விலாங்கு நெளிவது என்று அவை கேலி செய்தன.

ஆனால் அறியொணாவாதம் முறையாகக் கடைப்பிடிக்கப்படும்போது சோம்பலான நிலைப்பாடு அல்ல. 1869இல் இந்தப் பெயரை உருவாக்கிய தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி உயிரியலாளர். இது ஒரு சமயக் கொள்கை அல்ல, ஒரு முறை என்று அவர் பின்னாளில் விளக்கினார்: அறிவு அழைத்துப்போகும் தூரம்வரை போ, நிறுவப்படாததை நிறுவப்பட்டதாகச் சொல்லாதே. அந்த அளவுகோலை அவர் எல்லாத் தரப்புக்கும் ஒன்றுபோல நீட்டினார். அவருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்திய கிரேக்கத் தத்துவ அறிஞர் புரோட்டகோரஸ், தெய்வங்கள் உண்டா இல்லையா என்று தன்னால் அறிய முடியவில்லை என்று சொன்னதோடு காரணத்தையும் சேர்த்துச் சொன்னார்: விஷயம் தெளிவற்றது, மனித ஆயுளோ குறைவு. காரணம் சொல்லும் "தெரியாது" வேறு, பேச்சை முடிக்கச் சொல்லும் "தெரியாது" வேறு.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. "ஏன் தெரியாது என்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வந்தால் அக்னாஸ்டிக். "விடுங்க சார், எதுக்கு வம்பு" என்று வந்தால் அது களைப்பு.

இந்தப் பேச்சிலேயே ஆர்வம் இல்லை. நான் யார்?

இரண்டும் அல்ல. கேள்வியே முக்கியமில்லை என்பது அக்கறையின்மை. அதற்கென்று தனிப் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2023–24இல் பியூ ஆய்வு மையம் நடத்திய பெரிய கணக்கெடுப்பில் தன்னை நாத்திகர் என்றவர்கள் 5 சதவீதம், அக்னாஸ்டிக் என்றவர்கள் 6 சதவீதம். "குறிப்பாக எதுவும் இல்லை" என்று விட்டவர்கள் 19 சதவீதம்.

நாத்திகமும் ஒரு நம்பிக்கைதானே?

"கடவுள் இல்லவே இல்லை, எனக்குத் தெரியும்" என்பவர் ஒரு கூற்றை முன்வைக்கிறார். அதற்குக் காரணம் காட்டும் பொறுப்பு அவருக்கு உண்டு. "எனக்கு நம்பக் காரணம் கிடைக்கவில்லை" என்பவருக்கு அந்தச் சுமை இல்லை. மற்றபடி சடங்கு, வேதம், குரு என்று எதுவும் நாத்திகத்தோடு ஒட்டி வருவதில்லை. சில நாத்திகர்கள் மதப் பிரசாரகரின் குரலிலேயே பேசுவார்கள் என்பது உண்மை. அது ஆளின் குணம்.

அன்றாட வாழ்க்கையில் என்னதான் மாறுகிறது?

செயலில் மிகக் குறைவு. இருவருமே வேண்டுதல் வைப்பதில்லை, நல்லது நடந்தால் நேர்த்திக்கடன் செலுத்துவதில்லை, நோய் வந்தால் மருத்துவரிடம் போகிறார்கள். ஒரு மாதம் பின்தொடர்ந்து பார்த்தாலும் யார் எவர் என்று கண்டுபிடிப்பது கடினம்.

மாறுவது பேச்சு. அதைவிட முக்கியமாக, அந்தப் பேச்சை மற்றவர் எப்படிக் கேட்கிறார் என்பது. "நம்பவில்லை" என்றால் கேட்பவர் காதில் அது தன்னை மறுப்பதாக விழுகிறது. "தெரியாது" என்றால் கதவு இன்னும் திறந்திருப்பதாக விழுகிறது. இரண்டுமே தவறான கேட்பாக இருக்கலாம். முதலாவதால் உடனே மனக்கசப்பு வருகிறது; இரண்டாவதால் சில ஆண்டுகள் கழித்து வருகிறது. கீழே உள்ள பதில்களில் இந்தக் கணக்கு திரும்பத் திரும்பத் தலைகாட்டும்.

நோயுற்றவர் "எனக்காக வேண்டிக்கோ" என்றால் என்ன சொல்வது?

முதலில், அவர் இறையியல் விவாதத்துக்கு அழைக்கவில்லை. பயமாக இருக்கிறது, கூட இரு என்கிறார். பதில் அதற்குத்தான்.

"எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை" என்பது உண்மையாகவே இருந்தாலும் கேட்காத கேள்விக்கான பதில். "கட்டாயம் வேண்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவது பொய். நடுவில் இடம் இருக்கிறது: "உங்க நினைப்பாவே இருக்கேன் அத்தை. நாளைக்கு ஸ்கேனுக்கு நான் கூட வரேன்." மனத்தில் இருப்பதைச் சொல்லும் ஒரு வாக்கியம், கையால் செய்யக்கூடிய ஒரு காரியம். இந்த இரண்டும் இருந்தால் போதும். வேண்டுதல் பற்றிய பேச்சு அநேகமாக மறுபடி எழாது.

அவர் விடாமல், "இல்ல, இப்பவே என்கூட சேர்ந்து சொல்லு" என்றால்? அக்னாஸ்டிக்குக்கு இங்கே சற்று இடம் உண்டு. "கேட்பவர் ஒருவர் இருந்தால் இதைக் கேட்கட்டும்" என்று மனமறிந்து சொல்வதில் அவருக்கு முரண் இல்லை. நாத்திகர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று அமைதியாக உட்காரலாம். உதட்டை மட்டும் அசைப்பதைத் தவிர்ப்பது நல்லது. பின்னால் தெரியவந்தால், ஆறுதலாக இருந்த பொழுதையும் சேர்த்து அது கெடுத்துவிடும்.

கூட்டுப் பிரார்த்தனை நடக்கும் இடத்தில்?

எல்லாரும் எழுந்தால் எழுந்து நில்லுங்கள், பேச்சை நிறுத்துங்கள், தொலைபேசியைப் பாக்கெட்டில் வையுங்கள். அது மரியாதை. கண்ணை மூடுவதும் வரிகளைச் சொல்வதும் பங்கேற்பு; அது உங்கள் விருப்பம். உங்களையே முன்னால் வந்து நடத்தச் சொல்லிவிட்டால், "ஒரு நிமிடம் அமைதியாக இருந்து இன்று நமக்கு உதவிய எல்லாரையும் நினைத்துக்கொள்வோம்" என்பது யாரையும் புண்படுத்தாது, நீங்களும் பொய் சொன்னதாக ஆகாது.

நீதிமன்றத்தில் கடவுள் பெயரால் சத்தியம் செய்யத்தான் வேண்டுமா?

பல நாடுகளில் வேண்டியதில்லை. "கடவுள் அறிய ஆணையிடுகிறேன்" என்பதற்குப் பதிலாக "உளமார உறுதி கூறுகிறேன்" என்ற மாற்று வாசகம் இருக்கும். பிரிட்டனில் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுதிமொழிக்கும் ஆணைக்கும் ஒரே வலிமை. இந்தியாவில் 1969ஆம் ஆண்டுச் சட்டம் சாட்சிக்கு இந்தத் தேர்வைத் தருகிறது. உறுதிமொழி எடுத்துவிட்டுப் பொய் சொன்னாலும் பொய்ச்சாட்சிக் குற்றம்தான்; தண்டனையில் சலுகை கிடையாது.

செய்ய வேண்டியது: கூண்டில் ஏறிய பிறகு அல்ல, முன்கூட்டியே நீதிமன்ற ஊழியரிடமோ உங்களை அழைத்த வழக்கறிஞரிடமோ "நான் உறுதிமொழி எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். காரணம் விளக்க வேண்டாம். "நான் நாத்திகன், ஏனென்றால்" என்று ஆரம்பித்தால் வழக்குக்குச் சம்பந்தமில்லாத ஒரு விஷயத்தை நீங்களே எல்லார் கவனத்துக்கும் கொண்டுவருகிறீர்கள். வாசகத்தை வாங்கி ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் பழகிய ஆணை வாசகமே வாயில் வந்துவிட்டால் கவலை வேண்டாம். சொன்னவருக்குச் சமய நம்பிக்கை இல்லை என்பதால் ஆணை செல்லாமல் போகாது என்று அதே பிரிட்டிஷ் சட்டம் சொல்கிறது.

இன்று இவ்வளவு எளிதாக இருக்கும் விஷயத்துக்கு ஒருவர் கொடுத்த விலை பெரிது. நாத்திகரான சார்லஸ் பிராட்லா 1880இல் நார்தாம்டன் தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். ஆணைக்குப் பதில் உறுதிமொழி எடுக்கிறேன் என்றார், மறுத்தார்கள். சரி, ஆணையே எடுக்கிறேன் என்றார். நம்பாதவர் எடுக்கும் ஆணைக்கு அர்த்தமில்லை என்று அதையும் மறுத்தார்கள். இடையில் ஒரு இரவு நாடாளுமன்ற மணிக்கூண்டில் காவலிலும் வைத்தார்கள். தொகுதி மக்கள் மறுபடி மறுபடி அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1886இல்தான் இருக்கையில் அமர முடிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, யாரும் உறுதிமொழி எடுக்கலாம் என்ற சட்டத்தை அவரே நிறைவேறச் செய்தார்.

படிவத்தில் "மதம்" என்ற இடத்தில் என்ன எழுதுவது?

படிவம் எதற்கு என்று முதலில் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றால் "மதம் இல்லை" என்ற கட்டம் இருக்கிறதா என்று தேடுங்கள். அது நாத்திகர், அக்னாஸ்டிக் இருவருக்கும் பொருந்தும். குடும்ப வழக்கத்துக்காகப் பிறந்த மதத்தையே எழுதிவிட்டால் எண்ணிக்கையில் நீங்கள் அந்த மதத்தவராகத்தான் சேர்வீர்கள். கேள்வியின் வாசகமே பதிலை மாற்றிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். இங்கிலாந்து, வேல்ஸ் 2021 கணக்கெடுப்பில் "உங்கள் மதம் என்ன?" என்று கேட்டபோது மதமில்லை என்றவர்கள் 37.2 சதவீதம். "எந்த மதத்தையாவது சேர்ந்தவராக உங்களைக் கருதுகிறீர்களா?" என்று கேட்கும் பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வில் 2018லேயே அது 52 சதவீதம்.

மருத்துவமனைப் படிவத்தில் அந்தக் கட்டம் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்கு: உணவுக் கட்டுப்பாடு, கடைசி நேரத்தில் மதகுருவை அழைப்பதா என்பது. அங்கே தத்துவப் பெயரைவிட "மதகுரு வருகை வேண்டாம்" என்ற நேரடி வரி பயன்படும்.

பெயரை எழுதினால் புரிந்துகொள்வார்கள் என்றும் நம்பிவிட முடியாது. முதல் உலகப் போரை எதிர்த்ததற்காக 1918இல் சிறை சென்ற ரஸலிடம் வாயிற்காவலர் மதம் கேட்டார். அக்னாஸ்டிக் என்றார் ரஸல். அதை எப்படி எழுதுவது என்று கேட்டுக் குறித்துக்கொண்ட காவலர், "மதங்கள் பல இருக்கின்றன, எல்லாரும் கும்பிடுவது ஒரே கடவுளைத்தான்" என்று பெருமூச்சு விட்டாராம்.

வெளிப்படையாகச் சொல்வது ஆபத்தான இடங்களில்?

மதத்தை விட்டு விலகுவதையே குற்றமாக்கும் சட்டம் சில நாடுகளில் இன்றும் இருக்கிறது. அவற்றில் சிலவற்றில் மரண தண்டனையும் உண்டு. "அக்னாஸ்டிக் என்றால் மென்மையாக இருக்கும்" என்று நினைத்து அங்கே சொல்லிவிடக் கூடாது. சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் விலகல்தான். எந்த மதத்தையும் பின்பற்றாதிருக்கும் உரிமையும் மனசாட்சிச் சுதந்திரத்தில் அடங்கும் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1993இல் விளக்கியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் வாதாட முடியாது.

ஒருவர் ஆத்திகர், மற்றவர் இல்லை. திருமணம் செய்யலாமா?

செய்யலாம், பலர் செய்கிறார்கள். முறிவது பெரும்பாலும் கடவுள் பற்றிய கருத்து வேறுபாட்டால் அல்ல; பேசாமல் விட்ட ஐந்து விஷயங்களால். திருமணச் சடங்கு எந்த முறையில். மத அமைப்புகளுக்கு நன்கொடை எவ்வளவு, யார் சம்பாத்தியத்திலிருந்து. விடுமுறை நாளில் வழிபாட்டுக்குச் செல்லும் நேரத்தில் மற்றவர் கூட வர வேண்டுமா. குழந்தைக்குச் சமயச் சடங்குகள் உண்டா. ஒருவர் பேச முடியாத நிலையில் படுத்துவிட்டால் அவருக்காக யார், எந்த அடிப்படையில் முடிவெடுப்பார். நிச்சயத்துக்கு முன் இந்த ஐந்தையும் பேசுங்கள். "பார்த்துக்கலாம்" என்று விட்டதில் குழந்தை பற்றியதுதான் முதலில் வெடிக்கும்.

இங்கே அக்னாஸ்டிக்குக்கு ஒரு தனிச் சிக்கல். ஆத்திகத் துணை "தெரியாது" என்பதை "இன்னும் முடிவு செய்யவில்லை, காலப்போக்கில் வந்துவிடுவார்" என்று மொழிபெயர்த்துக்கொள்கிறார். பத்து வருடம் கழித்தும் வரவில்லை என்றால் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார். நாத்திகருக்கு ஆரம்பத்தில் சண்டை அதிகம், பிறகு குறைவு. ஆகவே அக்னாஸ்டிக்காக இருந்தால் ஆரம்பத்திலேயே ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லிவிடுங்கள்: "எனக்குத் தெரியாது. இது மாறும் என்று எதிர்பார்க்காதே, மாறினால் நானே சொல்கிறேன்."

"தாத்தா இப்ப எங்கே இருக்கார்?" என்று குழந்தை கேட்டால்?

ஐந்து ஆறு வயதுக்குள் உள்ள குழந்தைக்குச் சாவு திரும்பி வராத ஒன்று என்பதே சரியாகப் பிடிபடாது. எனவே முதல் பதில் உடலைப் பற்றி இருக்கட்டும்: "தாத்தா இறந்துட்டார். அவர் உடம்பு இனிமே வேலை செய்யாது. வலிக்காது, பசிக்காது." "தூங்கிட்டார்" என்று சொல்லாதீர்கள்; அன்று இரவிலிருந்து தூங்கப் பயப்படும். "வெளியூர் போயிட்டார்" என்றால் எப்போது வருவார் என்று காத்திருக்கும்.

"சாமிகிட்ட போயிட்டாரா?" என்பது அடுத்த கேள்வி. நாத்திகப் பெற்றோர், "பாட்டி அப்படி நம்பறாங்க. நான் அப்படி நினைக்கலை. நாம நினைச்சுக்கிட்டே இருக்கலாம்" என்பார். அக்னாஸ்டிக், "பாட்டி அப்படி நம்பறாங்க. எனக்குத் தெரியாதுடா கண்ணா, யாருக்குமே நிச்சயமாத் தெரியாதுன்னு நினைக்கிறேன்" என்பார். இரண்டுமே குழந்தைக்குத் தாங்கும். தாங்காதது, பாட்டி முன்னால் ஒன்றும் தனியாக ஒன்றும் சொல்வது. பாட்டி பொய் சொல்கிறாள் என்று குழந்தையே முடிவுகட்டிவிடும். மறுநாள் பள்ளியில் பக்கத்துப் பிள்ளையிடம் "சாமியெல்லாம் பொய்" என்று சண்டை போட்டுவிட்டு வரும். "சிலர் நம்பறாங்க, சிலர் நம்பறதில்ல" என்ற வாக்கியத்தை நான்கு வயதிலேயே பழக்கிவிட்டால் இந்தச் சண்டைகள் பாதி குறையும்.

கடவுள் பயம் இல்லையென்றால் ஒழுக்கம் எங்கிருந்து வரும்?

மற்றவர்களுக்கு எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான்: வளர்ப்பு, இரக்கம், சட்டம், அக்கம்பக்கத்தார் கண். வலி எல்லாருக்கும் வலிக்கும் என்பதை அறிய இறையியல் தேவையில்லை.

ஆபத்தில் "ஐயோ கடவுளே" என்று வாயில் வந்துவிட்டால்?

மொழிப் பழக்கம். அடிபட்டால் "அம்மா" என்பதால் அம்மா பக்கத்தில் இருப்பதாக அர்த்தமாகாது.

"ஒருவேளை இருந்துவிட்டால்?" நம்பிவிடுவது பாதுகாப்பு இல்லையா?

இது பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாஸ்கலின் பந்தயம். இருந்தால் பெரும் லாபம், இல்லாவிட்டால் சிறு நஷ்டம் என்ற கணக்கு. இடிக்கும் இடங்கள் இரண்டு. எந்தக் கடவுள் மேல் பந்தயம் கட்டுவது என்று அது சொல்வதில்லை. ஒருவரைத் தேர்ந்தால் இன்னொருவர் கோபிக்கலாம். மேலும், நம்பிக்கை சட்டை மாதிரி மாட்டிக்கொள்ளக் கூடியதல்ல. இரண்டாவதைப் பாஸ்கலும் உணர்ந்திருந்தார். சடங்குகளைச் செய்துகொண்டே வந்தால் நம்பிக்கை பின்னால் வரும் என்றார். அக்னாஸ்டிக்கை இந்த வாதம் சற்றே உலுக்கும், ஏனெனில் சிறு வாய்ப்பு உண்டு என்பதை அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் போதிய சான்றில்லாமல் எதையும் நம்புவது தவறு என்று 1877இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் டபிள்யூ. கே. கிளிஃபோர்ட் எழுதிய வாதத்தை ஏற்பவருக்கு லாபக் கணக்கே பொருந்தாது. அதை மறுத்து, சில கேள்விகளில் சான்று வரும்வரை காத்திருப்பதும் ஒரு தேர்வுதான், அதற்கும் விலை உண்டு என்று 1896இல் வாதிட்டார் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் அக்னாஸ்டிக்குகள் ஏன் தங்களுக்குள்ளேயே பிரிந்து நிற்கிறார்கள் என்பது விளங்கும்.

ஜோதிடம், ஆவி, சகுனம் இவற்றிலும் அக்னாஸ்டிக்காக இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்கக் கூடிய கூற்றுக்குச் சோதனைதான் பதில். கணிப்பு பலித்ததா என்று எண்ணிப் பார்க்கலாம்; அங்கே "யாருக்குத் தெரியும்" என்பது எண்ணிப் பார்க்க மறுப்பது. மறுபுறம், கடவுளை மறுத்துவிட்டு ராசிபலன் பார்க்கும் நாத்திகர்களும் இருக்கிறார்கள். கடவுள் நம்பிக்கை இல்லை என்பது மற்ற எல்லாவற்றையும் சலித்துவிட்டார் என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

இறுதிச் சடங்கு எப்படி இருக்க வேண்டும் என்று எங்கே எழுதி வைப்பது?

உயிலில் மட்டும் எழுதாதீர்கள். உயிலைப் பிரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருக்கும். தனித் தாளில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்: புதைப்பதா, எரிப்பதா, உடல் தானமா, மதச் சடங்கு கூடாதா, அல்லது குடும்பத்தார் விரும்பினால் செய்துகொள்ளலாமா, யார் பேசுவது, தகராறு வந்தால் யார் சொல்வது முடிவு. தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு மூன்று பிரதிகள் எடுங்கள். முடிவு சொல்பவரிடம் ஒன்று, வீட்டில் ஒன்று, உங்கள் ஆவணங்களோடு ஒன்று. பல இடங்களில் இந்தத் தாளுக்குச் சட்டக் கட்டாயம் கிடையாது. நெருங்கிய உறவினர் சொல்வதே நடக்கும். அதனால் அவர்கள் எதிரில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிடுங்கள்.

உடல் தானத்துக்கு முன்பதிவு தேவைப்படலாம். பதிவு செய்திருந்தாலும் பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால், சில தொற்றுகள் இருந்தால், தாமதமானால் ஏற்க மாட்டார்கள். மாற்று ஏற்பாட்டையும் எழுதி வையுங்கள். அது இல்லாமல்தான் கடைசி நேரத்தில் எல்லாம் பழைய முறைக்கே போய்விடுகிறது.

நாத்திகர்கள் பெரும்பாலும் "சடங்கு கூடாது" என்று எழுதுகிறார்கள். அக்னாஸ்டிக்குகள் "அவர்கள் இஷ்டம்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். குடும்பத்தில் இரண்டு கட்சி இருந்தால் அதைவிடச் சிக்கலான வரி கிடையாது. இஷ்டம் யாருடையது என்று பெயர் குறிப்பிடுங்கள். இரங்கல் பேசுபவருக்கும் ஒரு குறிப்பு: "எங்கிருந்தோ நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்" என்பது வாழ்நாள் முழுதும் அதை மறுத்தவரின் சவப்பெட்டி அருகில் உறுத்தும். அவர் செய்த காரியங்களைச் சொல்லுங்கள்.

இது வாழ்நாளில் மாறுமா?

மாறும், இரு திசையிலும். சார்லஸ் டார்வின் இளமையில் மதகுருவாவதற்குப் படித்தவர். 1879இல் ஒரு கடிதத்தில், தன் நிலை அடிக்கடி ஊசலாடுகிறது, ஊசலின் உச்சத்தில்கூடக் கடவுளை மறுக்கும் நாத்திகராக இருந்ததில்லை, அக்னாஸ்டிக் என்பதே பொருத்தமாக இருக்கும் என்று எழுதினார். மாறியதும் எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் மேலே சொன்ன தாளையும் மருத்துவமனைக் குறிப்பையும் அன்றே திருத்திவிடுங்கள்.

இரண்டு பெயருமே எனக்கு வேண்டாம் என்றால்?

மேலே சொன்ன ஆபத்தான இடங்களைத் தவிர, "மதம் இல்லை" என்பது பெரும்பாலும் செல்லும். எதை மறுக்கிறேன் என்பதைவிட எதை மதிக்கிறேன் என்று சொல்ல விரும்புபவர்கள் மனிதநேயர் என்கிறார்கள். சிந்திக்கும் முறையை முன்னிறுத்துபவர்கள் பகுத்தறிவாளர் என்கிறார்கள். மதச்சார்பின்மையை மட்டும் இதில் கலக்காதீர்கள். அது அரசு எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பற்றியது. தீவிர ஆத்திகரும் மதச்சார்பின்மையாளராக இருக்கலாம்.